பாடப் புத்தகத்தின் மேல் கை வைக்காதீர்!

"புத்தகம் பழங்காலச் சரக்கு, இனிப் பிள்ளைகளின் கையில் டேப்லட் இருந்தால் போதும்" என்ற பேச்சு நம் நாட்டு மேடைகளில் அடிக்கடி கேட்கிறது. பை கனக்கிறது என்கிறார்கள். உலகம் எங்கேயோ போய்விட்டது, நாம் இன்னும் காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்கிறார்கள். அச்சடித்த பாடநூலை அறவே நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஆளுக்கொரு மின்சாரச் சிலேட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால், தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் ஒரே நாளில் சமமாகிவிடுவார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகப் பேசுகிறார்கள். கேட்பதற்குத் தேன் போலத்தான் இருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளியின் காதில் இப்படித் தேன் ஊற்றுவது இது முதல் தடவையா என்ன?

நாம் கணினிக்கு விரோதிகள் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், "இந்தச் சங்கத்துக்காரர்கள் மாட்டுவண்டிக் காலத்து ஆட்கள்" என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டு நழுவிவிடுவார்கள். தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் கணக்கே இன்று கணினியில்தான் ஓடுகிறது. நம் பிள்ளைகள் அதைக் கற்கட்டும், அதில் வல்லவர்களாகட்டும், அதை உண்டாக்குகிறவர்களாகவும் வரட்டும். புத்தகத்தோடு சேர்த்து டேப்லட்டும் தருகிறோம் என்றால் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்வோம். புத்தகத்துக்குப் பதிலாக டேப்லட் என்றால், அந்தப் "பதிலாக" என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் செலவு யார் தலையில் விடியும் என்று கேட்போம். கேட்டே தீருவோம்.

சங்கம் கூலியைப் பற்றிப் பேசட்டும், போனஸைப் பற்றிப் பேசட்டும், பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அதற்கென்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஐயா, பாடப் புத்தகமும் கூலி விஷயந்தான்! 1974ஆம் ஆண்டின் கடைசியில் என்ன நடந்தது? ரப்பர் விலை விழுந்தது. சாப்பாட்டுச் சாமான் விலை ஏறியது. கெடா மாநிலம் பாலிங்கில், பால்மரம் வெட்டிப் பிழைத்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்காகத் திரண்டார்கள். அடுத்த ஆண்டு, 1975இல், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடநூலை இரவலாகக் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. எஸ்.பி.பி.டி. என்று நாம் எல்லோரும் வாயாரச் சொல்லும் திட்டம் அதுதான். ஒரு குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் என்று இருந்த அந்த வேலி 2008இல் எடுபட்டு, அரசாங்கப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகம் என்று ஆயிற்று.

அதற்கு முன்னால் ஜனவரி மாதம் தோட்டத்தில் எப்படி இருந்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். தீபாவளிக் கடன் தலையை விட்டு இறங்குவதற்குள் பள்ளி திறந்துவிடும். மூத்தவன் படித்த புத்தகம் இளையவனுக்கு. இளையவன் படித்தது பக்கத்து வீட்டுக்கு. பாடத்திட்டம் மாறிவிட்டால் அதுவும் போச்சு, தாயின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகும். அந்தத் தோட்டைக் காப்பாற்றியது இரவல் புத்தகம். கூலியில் ஒரு வெள்ளி ஏற்றிக் கொடுப்பதும், வீட்டுச் செலவில் ஒரு வெள்ளியைக் குறைத்துக் கொடுப்பதும் தொழிலாளி வீட்டு அடுப்புக்கு ஒன்றுதான். ஆகவே, அந்தப் புத்தகத்தை எடுக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் நம் சம்பளப் பையில் கையை விடுகிறார் என்று பொருள்.

கணக்கைப் பார்ப்போம்

ஆபீஸில் சாமான் பதிவேடு எழுதுகிறவனுக்கு ஒரு பாடம் சீக்கிரமே புரிந்துவிடும். ஒரு சாமானின் விலை வேறு, அதன் செலவு வேறு. பால் வெட்டும் கத்தியை வாங்கினால் தீட்டுவதற்கு ஒரு கல் போதும். மருந்தடிக்கும் தோள் பம்பை வாங்கினால் கதை அப்படியில்லை. வாஷர் போகும், குழாய் போகும், மூக்கு அடைத்துக்கொள்ளும். ஒரு பம்பு வேலை செய்வதற்கு இரண்டு பம்பு பழுதாகிக் கிடக்கும். வாங்கின விலை பதிவேட்டில் ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு வரும் செலவுதான் பக்கம் பக்கமாக நீளும்.

பாடப் புத்தகம் கத்தியைப் போல. ஒருமுறை அச்சடித்துக் கொடுத்தால் அட்டை போட்டுக்கொண்டு, இந்த ஆண்டு ஒரு பிள்ளை, அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளை என்று கை மாறிப் போகிறது. சார்ஜர் கேட்காது. பாஸ்வேர்டு கேட்காது. மழையில் நனைந்தால் வெயிலில் காய வைத்துப் படிக்கலாம். ஐந்தாம் பக்கம் கிழிந்தால் ஆறாம் பக்கம் இருக்கிறது. டேப்லட்டில் கண்ணாடி உடைந்தால் ஒரு பக்கமா போகும்? அறிவியலும் கணிதமும் தமிழும் வரலாறும் ஒரே நொடியில் சேர்ந்து போகும்! பேட்டரி நாளாக நாளாகச் சோரும். சில ஆண்டு கழிந்தால், "இந்தக் கருவிக்கு இனிப் புதிய மென்பொருள் வராது" என்று தயாரித்தவனே கையை விரிப்பான். பத்து ஆண்டுக்கு முந்திய பாடநூலை இன்றும் திறந்து படிக்கலாம். பத்து ஆண்டுக்கு முந்திய டேப்லட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இப்போது கூலிக் கணக்குக்கு வருவோம். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. இரவல் புத்தகத்தைப் பிள்ளை தொலைத்துவிட்டால் பெற்றோர் ஈடு செய்ய வேண்டும் என்பது இன்றைக்கும் உள்ள விதிதான்; அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தின் விலை ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். மலிவான டேப்லட் ஒன்றுக்கு 600 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் அது ஒன்பது நாள் கூலியையும் தாண்டுகிறது. மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டில் மூன்று டேப்லட். பள்ளிப் பேருந்தின் நெரிசலில் ஒன்று கீழே விழாது என்று எந்த மந்திரி எழுதிக் கொடுப்பார்?

தொழிலாளத் தோழர்களே, இங்கேதான் நன்றாகக் கவனிக்க வேண்டும். முதலாளி நம் சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக்கூடாது என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 24ஆம் பிரிவில் வரையறுத்து வைத்திருக்கிறது. இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. பிடித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். பிடித்தம் எல்லாம் சேர்ந்து பொதுவாக மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. உடைந்த சாமானுக்கெல்லாம் கூலியில் கழித்துக்கொண்டிருந்த காலத்தை நம் பாட்டன்மார் கண்டவர்கள். அந்தக் கொடுமைக்குப் போட்ட கடிவாளம் இது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் கையில் கொடுத்த கருவி உடைந்தால், "பெற்றோர் ஈடு செய்க" என்று வரும் ஒரு காகிதத்துக்கு எந்த 24ஆம் பிரிவு கடிவாளம் போடும்? தோட்டத்து வாசலில் அடைத்த வழியைப் பள்ளிக்கூடத்து வாசலில் திறந்துவிடப் பார்க்கிறார்களே!

டேப்லட்டுக்குத் தினமும் தீனி வேறு வேண்டும். மின்சாரம் ஒரு தீனி. இணையம் இன்னொரு தீனி. இரண்டும் மாதா மாதம் காசு. "பாடநூல் முழுவதையும் கருவிக்குள்ளேயே ஏற்றிக் கொடுத்துவிடுவோம், இணையம் தேவையில்லை" என்பார்கள். முதல் மாதம் அப்படித்தான் இருக்கும். பிறகு வீட்டுப்பாடம் இணையத்தில் வரும். பயிற்சி இணையத்தில் வரும். ஆசிரியர் போடும் காணொளி வரும். பேக்கேஜ் தீர்ந்த பிள்ளை, பால் ஸ்டோர் பக்கம் சிக்னல் கிடைக்குமா, கோவில் திடலில் கிடைக்குமா என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ரப்பர் காட்டின் பள்ளத்திலே கிடக்கும் லயத்து வீடுகளில் சிக்னல் எப்படி இருக்கும் என்பதைப் பட்டணத்து மேடைக்கு யாராவது வந்து சொல்ல வேண்டுமா? ஒருநாள் இரவு இங்கே வந்து தங்கிப் பார்க்கட்டும்.

கொரோனா காலம் சொல்லிக் கொடுத்த பாடம்

இதெல்லாம் நம் கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. நாடு முழுவதும் ஒரு தடவை பரீட்சை எழுதிப் பார்த்துவிட்டது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் கைப்பேசிக்கும் கணினிக்கும் போனது. அப்போது கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. நூற்றுக்கு 36.9 பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. டேப்லட் வைத்திருந்த பிள்ளைகள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். அந்த ஜூன் மாதம், சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையம் கிடைக்காமல் மரத்தின் மேலே ஏறி உட்கார்ந்து பரீட்சை எழுதினார். நாடே அதைப் பார்த்து அதிசயித்தது. அதிசயிக்க என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டிய காட்சி அது.

நம் தோட்டங்களில் நடந்ததை நாம் அறிவோம். வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தகப்பன் கையில். தகப்பன் விடியற்காலை பெரட்டுக்குப் போனால் கைப்பேசியும் காட்டுக்குப் போய்விடும். பால் எடுத்துக் கொட்டிவிட்டு அவர் வீடு திரும்பும்போது ஆசிரியர் பாடத்தை முடித்திருப்பார். மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசிக்கு முறை வைத்துக்கொண்டு, கடைசிப் பிள்ளையின் முறை வருவதற்குள் தூங்கிப் போன வீடுகள் எத்தனை! அந்த நாட்களில் நம் பிள்ளைகளின் கையில் மிஞ்சியது எது? இரவலாக வாங்கி வந்த பாடப் புத்தகமும், சில நல்ல ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த அச்சடித்த பயிற்சித் தாள்களுந்தான். எல்லா இயந்திரமும் கைவிட்டபோது காகிதம் கைவிடவில்லை. அன்றைக்குப் புத்தகத்தையும் முன்னதாகவே பிடுங்கியிருந்தால் நம் பிள்ளைகள் கையில் என்ன இருந்திருக்கும்?

கருவி கொடுக்கும் முயற்சியும் நடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. செர்டிக் என்ற திட்டத்தில், அரசாங்கச் சார்பு நிறுவனங்களின் நன்கொடையால் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 பிள்ளைகளுக்கு மடிக்கணினியும் டேப்லட்டும் தருவதாக 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நல்ல காரியம். வாங்கிய பிள்ளைகள் வாழ்க. ஆனால் நாட்டில் படிக்கிற பிள்ளைகள் ஏறக்குறைய ஐம்பது லட்சம். ஒரு பெருநோய்க் காலத்தில், பெரிய பெரிய நிறுவனங்கள் எல்லாம் கூடி இழுத்தும் நூற்றுக்கு மூன்று பிள்ளைகளுக்குத்தான் எட்டியது தேர். மீதித் தொண்ணூற்றேழு பிள்ளைகளுக்கும் கொடுத்து, ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றியும் கொடுக்க யாரிடம் பணம் இருக்கிறது? இருக்கிறது என்றால் கணக்கைக் காட்டட்டும்.

பழைய தேர்கள் எங்கே?

பள்ளிக்கூடத்துக்குள் இயந்திரத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம் என்ற வாக்குறுதி நமக்குப் புதிதன்று. 1997இல் பெஸ்தாரிப் பள்ளி என்றார்கள். 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கிறோம் என்று சொல்லி, ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் படம் காட்டும் கருவியும் குறுந்தட்டுகளுமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். 2009இல் அந்தக் கொள்கையையே கைவிடுவதென்று முடிவு செய்து, 2012 முதல் படிப்படியாகப் பழைய வழிக்குத் திரும்பினார்கள். கொள்கை திரும்பிவிட்டது. வாங்கிக் குவித்த சாமான் திரும்புமா?

2011இல் வந்ததுதான் பெரிய தேர். ஒன் பெஸ்தாரிநெட் என்று பெயர். 10,000 பள்ளிகளுக்கு இணையம், இணையத்துக்குள்ளேயே ஒரு வகுப்பறை என்று, 15 ஆண்டுகளுக்கு 407 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட திட்டம். 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை அதைத் திறந்து பார்த்தது. அந்த இணைய வகுப்பறையைப் பயன்படுத்தியவர்கள், ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆக உயர்ந்த எண்ணே 4.69 விழுக்காடு, ஆகக் குறைந்தது 0.01 விழுக்காடு! பத்தாயிரம் பேரில் ஒருவர். 2019இன் நடுவில் தேர் நிலைக்கு வராமலே நிறுத்தப்பட்டது. ஒரு தோட்டத்தில் நூறு பேருக்குக் கத்தி வாங்கிக் கொடுத்து ஐந்து பேர்கூட அதைத் தொடவில்லை என்றால், வாங்கச் சொன்ன துரையை அந்தக் கம்பெனி ஒரு மாதம் வைத்திருக்குமா?

ஆனால் அப்போது ஒன்று நடந்தது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்தத் தேர் சாய்ந்தபோது நம் பிள்ளைகளின் படிப்பு சாயவில்லை. ஏன்? பையில் புத்தகம் இருந்தது. திட்டம் போட்டவர்கள் தோற்றாலும் பிள்ளை தோற்காமல் இருப்பதற்கு ஒரு காப்பு இருந்தது. இப்போது கேட்பது அந்தக் காப்பையே கழற்றிக் கொடு என்பது. இந்தத் தடவை தேர் சாய்ந்தால் பிள்ளையும் அதன் அடியில் அகப்பட்டுக்கொள்ளும். பட்டணத்துப் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பன் கடையில் புத்தகம் வாங்கிக் கொடுப்பான், டியூஷன் வைப்பான். நம் வீட்டில்?

"வெளிநாட்டைப் பாருங்கள்" என்பார்கள். பார்த்தோம். சுவீடன் நம்மைவிட எத்தனையோ மடங்கு வசதியான நாடு. பள்ளிகளில் திரையைத் தாராளமாக ஏற்றுக்கொண்ட நாடு. அந்த நாட்டு அரசாங்கம் பள்ளிகளுக்கு மீண்டும் அச்சுப் பாடநூல் வாங்குவதற்காக 2023இல் மட்டும் 68 கோடியே 50 லட்சம் குரோனா ஒதுக்கியது. பிள்ளைகளின் வாசிப்பு குன்றுகிறது என்ற கவலைதான் காரணம். தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல் என்று ஆரவாரமாகத் தொடங்கியது. அதே ஆகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அது பாடநூல் அன்று, துணைக் கருவிதான் என்று இறக்கி வைத்தது. ஆறு மாதம் தாங்கவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பட்டணத்தில் 2013இல் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று நூறு கோடி டாலருக்கு மேல் திட்டம் போட்டார்கள். மறு ஆண்டே அது குலைந்து, கல்வித் தலைவர் பதவி விலகினார். சிங்கப்பூரை மறந்துவிட்டீர்களே என்பீர்கள். மறக்கவில்லை. அங்கே 2021 முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கருவி வந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுக்கவில்லை. ஏழை வீட்டுக்கு அரசாங்க மானியம் உண்டு. அந்தத் தீவில் சிக்னல் தேடி மரத்தில் ஏறுகிற பிள்ளையும் இல்லை. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையும் ஒன்றைக் காட்டிக் கொடுக்கிறது: இந்தக் கருவிகள் படிப்பை உயர்த்துகின்றன என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளில் பல, அவற்றை விற்கிறவர்களே தந்தவை. எண்ணெய் விற்கிறவனிடமே முடி வளருமா என்று கேட்பதைப் போல!

பை கனக்கிறது என்ற பேச்சுக்கு வருகிறேன். அது பொய்யில்லை. எட்டு வயசுப் பிள்ளை முதுகு வளைந்து போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்டோரில் தராசு இருக்கிறது. பிள்ளையின் பையைக் கொண்டுவந்து பிரித்து நிறுத்துப் பாருங்கள். இரவல் பாடநூலை ஒரு தட்டிலும், கடையில் காசு கொடுத்து வாங்கச் சொன்ன பயிற்சி நூல், மாதிரிக் கேள்வி நூல், நோட்டுப் புத்தகம், தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றை மறு தட்டிலும் வையுங்கள். எந்தத் தட்டு இறங்குகிறது என்று நீங்களே சொல்லுங்கள். பாடநூலை இரண்டு பாகமாகப் பிரித்து அச்சிடலாம். வகுப்பில் அலமாரி வைக்கலாம். கால அட்டவணையை ஒழுங்காகப் போடலாம். இவை எல்லாம் தச்சனும் அச்சுக்கூடமும் செய்து முடிக்கிற வேலை. முதுகு வலிக்கு முதுகெலும்பையே எடுத்துவிடு என்று சொல்லும் வைத்தியனை எங்கே கண்டோம்?

தமிழ்ப்பள்ளிக்கு வரும் தனிக் கஷ்டம்

இந்த நாட்டில் இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன நாள் முதல், அவற்றில் பலவும் ரப்பர் மரத்து நிழலில் பிறந்தவை. தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் பட்டணம் போனார்கள், பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. இன்றைக்கு அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை 150 பிள்ளைகளுக்கும் குறைவான சிறுபள்ளிகள். பல பள்ளிகள் நிற்கும் நிலம் இன்னும் கம்பெனியுடையது. பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளி என்ற பெயரில் காலம் தள்ளுகின்றன. ஒரு மின்சாரக் கம்பியை மாற்ற வேண்டுமென்றால்கூட இரண்டு வாசலில் போய் நிற்க வேண்டிய பள்ளிகள் இவை. இங்கே அறுபது டேப்லட்டுகளுக்கு ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றுவது எங்கே? பழுதானால் சரி செய்ய வரும் ஆள் எந்தப் பட்டணத்திலிருந்து, எத்தனை மாதம் கழித்து வருவார்?

மொழிக் கஷ்டம் வேறு இருக்கிறது. மலாய்ப் பாடமும் ஆங்கிலப் பாடமும் முதலில் வரும். தமிழ்ப் பாடம் கடைசியில் வரும். எந்த மென்பொருள் கம்பெனியும் இலாபத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும். தமிழ்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை அதற்குக் காணாது. வந்தாலும் எழுத்து ஒழுங்காக வருமா என்பது இன்னொரு கேள்வி. கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் என்று பிரிந்து நிற்கும் தமிழையும், எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களாக வரும் தமிழையும் ஆபீஸில் எத்தனை முறை பார்த்துச் சலித்திருக்கிறேன்! அச்சிட்ட தமிழ்ப் பாடநூலில் அந்தக் கோளாறு இல்லை. அச்சகத்தை விட்டு வெளியே வந்தபின் அந்த எழுத்து அசையாது.

இதைவிடப் பெரிதாக ஒன்று உண்டு. நம் லயத்து வீடுகள் பலவற்றில், தினக்காட்டியைத் தவிர்த்து, தமிழில் அச்சான பொருள் என்று இருப்பது பிள்ளையின் பாடப் புத்தகம் ஒன்றுதான். அதைப் பிள்ளை மட்டுமா படிக்கிறது? ஆறாம் வகுப்போடு நின்றுபோன தாய், அடுப்பில் உலை வைத்துவிட்டு, பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் கதையைப் படிக்கிறாள். கண்ணாடி போட்ட பாட்டி, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பேரனோடு சேர்ந்து வாசிக்கிறாள். அக்காள் படித்துவிட்டுப் போன பாடத்தை, இன்னும் பள்ளிக்குப் போகாத தம்பி படம் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகுகிறான். ஒரு புத்தகம் ஒரு வீட்டையே படிக்க வைக்கிறது. பாஸ்வேர்டு போட்ட திரைக்குள் அந்தப் புத்தகத்தை அடைத்துவிட்டால், தாய் வெளியே நிற்பாள். பிள்ளை என்ன படிக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. பாடம் படிக்கிறதா, விளையாடுகிறதா என்று பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். இந்த இழப்பை எந்தக் கணக்காய்வாளரின் அறிக்கையும் எழுதப் போவதில்லை. ஆகவேதான் நாம் எழுதுகிறோம்.

என்ன செய்வது?

பாடநூல்களின் மின்பதிப்புகளைக் கல்வி அமைச்சு டெலிமா தளத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துப் படிக்கட்டும், வரவேற்கிறோம். 2023 நவம்பரில் வெளியிட்ட மின்னியல் கல்விக் கொள்கையையும் எதிர்க்கவில்லை. நாம் கேட்பது இதுதான்: எஸ்.பி.பி.டி. திட்டத்தின் அச்சுப் புத்தகம், எந்தக் கருவி வந்தாலும், பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் தொடர்ந்து வர வேண்டும். டேப்லட் கொடுப்பதானால் அது பள்ளிக்கூடத்தின் சொத்தாகவே இருக்க வேண்டும். பள்ளி அலமாரியிலேயே பூட்டி வைத்து, பள்ளி மின்சாரத்திலேயே சார்ஜ் ஏற்றட்டும். தேய்மானமும் பழுதும் அமைச்சின் செலவு. வீட்டுப்பாடம் இணையம் இல்லாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். சிறுபள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்று பார்க்காமல் மின்கம்பியையும் இணையத்தையும் முதலில் போட்டு முடிக்கட்டும். கருவியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு, வேலை அலுப்பு என்று சொல்லாமல், வீட்டுக்கு ஒருவராவது போக வேண்டும். அங்கே நாம் இல்லாவிட்டால் நமக்காகக் கைதூக்க நாலு பேர் எப்போதும் தயாராக இருப்பார்கள். ஒருவேளை உங்கள் பள்ளியிலேயே டேப்லட்டைக் கொண்டுவந்து நீட்டி, கூடவே ஒரு படிவத்தையும் நீட்டினால், பேனாவை எடுக்கும் முன் அதைப் படியுங்கள். மலாயில் இருந்து விளங்காவிட்டால் விளங்கியவரைப் படிக்கச் சொல்லுங்கள். "சேதமானால் பெற்றோர் பொறுப்பு" என்றோ, "இதைப் பெற்றுக்கொண்டபின் பாடநூல் வழங்கப்படாது" என்றோ ஒரு வரி அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள்.